அக்கா வளர்த்த கற்கள்

பகல் இரண்டு மணி ஆகப்போகிறது என்றால் அக்கா விளையாட்டை நிறுத்திவிடுவாள். ஜெயிக்கிற கட்டமாக இருந்தாலும் சரி, நிறுத்திவிடுவாள். கையிலிருக்கும் ரிமோட்டை முந்தானையால் பொத்தான் பொத்தானாகத் துடைப்பாள். வயரைச் சுருட்டி, கேம் பெட்டிக்கு வலது பக்கத்தில் வைப்பாள். பிறகு எழுந்து போய்க் கதவோரம் நிற்பாள்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம், அதற்காகத்தான் நிற்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் நின்றாள். மகள் இடுப்பில் தொற்றிக்கொண்டிருக்கும்போதும் நின்றாள். கீழே ரோட்டில் ஒரு வேன் போனால் போதும், தோள் இரண்டும் மேலே ஏறிவிடும். வேன் போய்ச் சத்தம் அடங்கிய பிறகும் அவை இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வட்டவளைக்கு மேலே, அட்டைக்கும் மழைக்கும் குறைவே இல்லாத எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்த நேரத்தில் யார் வரப்போகிறார்கள்? கேட்டால், "சும்மாதான் புள்ள" என்பாள். சும்மா நிற்கிறவளின் நிற்பு அப்படி இருக்காது.

அவள் என்கூடப் பிறந்தவள் இல்லை. லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடுகிற ஒற்றை அறை வீடுகளில், எங்களுக்கு அடுத்த காம்பரா. நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இரண்டாயிரம் பிறந்த புதிதில், வெளிநாட்டில் மூன்று வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிவந்தாள். வந்தபோது எல்லோரும் கொண்டுவருகிற மாதிரி போர்வை, பால்மா, வாசனைச் சோப்பு எல்லாம் இருந்தன. அவற்றோடு யாரும் கொண்டுவராத ஒன்றும் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கேம் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரே ஒரு சீடி. விளையாடிச் சேர்த்ததையெல்லாம் மறக்காமல் வைத்திருக்கிற மெமரி கார்ட் ஒன்று, நெருப்புப் பெட்டியைவிடச் சின்னது, அந்தப் பெட்டியிலேயே செருகியிருந்தது.

லயத்து வாய்க்குக் கேட்கவா வேண்டும். "மத்தவளுக வளையல் கொண்டாந்தாளுக, இவ வெளையாட்டுச் சாமான் கொண்டாந்திருக்கா" என்று குழாயடியில் ஒரு மாதம் சிரித்தார்கள். அக்கா பதில் பேசவில்லை. பதில் பேசுவதையும் அவள் சேர்த்துத்தான் வைத்திருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அது சண்டை போடுகிற கேம். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று உதைத்துக்கொள்வார்கள். ஜெயித்தால் சில நேரம் ஒரு கல் கீழே விழும். பச்சை, நீலம், மஞ்சள் என்று பல நிறம். அதை எடுத்து நம் ஆளின் கையில் பூட்டிக்கொண்டு சண்டை போடப்போட அந்தக் கல் லெவல் லெவலாக வளரும். நன்றாக வளர்ந்த கல் மின்னும். ஒரு ஆளின் கையில் ஐந்துதான் பூட்டலாம், மிச்சம் பையில். பையும் நிறைந்துவிட்டால் புதிதாக ஒன்று எடுக்க, பழையது ஒன்றை விடவேண்டும். முக்கியமான விஷயம், சண்டையின் நடுவே ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கல் உடையும். உடைந்தால் கொஞ்ச நேரத்துக்கு நம் ஆளுக்குப் பேய்ப் பலம். எதிரி சுவரில் போய் மோதுவான். ஆனால் உடைந்த கல் போனது போனதுதான்.

நான் கல் கிடைத்த கையோடு உடைப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பகலெல்லாம் அத்தனை குழந்தைகளிடம் பொறுமையாக இருந்துவிட்டு வருகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை எதையாவது உடைத்தால்தான் மனசு ஆறும்.

அக்கா உடைக்கவே மாட்டாள். அவளுடைய ஆள், பின்னல் போட்ட ஒரு பெண். அவள் கையில் எப்போதும் ஐந்து கல்லும் மின்னிக்கொண்டிருக்கும். உயிர் நூலளவுக்கு வந்து, இன்னும் ஒரு உதையில் செத்துவிடுவாள் என்ற நிலையிலும் அக்கா அந்தப் பொத்தானைத் தொடமாட்டாள். வெறுங்கையாலேயே தடுத்து, குனிந்து, நகர்ந்து எப்படியோ தப்பித்து ஜெயிப்பாள். பார்க்கிற எனக்கு மூச்சு முட்டும்.

"உடைங்கக்கா! இப்ப உடைக்காம எப்ப உடைக்கிறது?"

"உடைக்கக் கூடாது புள்ள. வச்சுக்கணும்."

"எதுக்கு?"

"வச்சுக்கணும்" என்பாள் மறுபடியும். அதற்கு மேல் விளக்கம் வராது.

வீட்டிலும் அதே கதைதான். வெளிநாட்டுச் சோப்பு உறை பிரிக்காமல் தகரப் பெட்டிக்குள் கிடக்கும், அவள் துணி துவைக்கிற சோப்பைத் தேய்த்துக் குளிப்பாள். புதுச்சேலை மடிப்பு கலையாமல் இருக்கும். கறியில் நல்ல துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடுவாள், கடைசியில் அதையும் தின்னாமல் மூடிவைப்பாள். ஒருநாள் தூறலில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி வந்தாள். "இது என்னா மழை? பெரிய மழை வரும்ல" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

கல்லை வளர்ப்பதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. ஒரு கல்லை ஒரு சண்டைக்குப் பூட்டினால் அடுத்த சண்டைக்கு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவாள். எல்லாக் கல்லும் ஒரு முறை போய்வந்த பிறகுதான் பழைய கல்லுக்கு முறை வரும். நான் ஒரே கல்லைப் போட்டு உழப்பிக்கொண்டிருப்பேன், அது நத்தை மாதிரி வளரும். அவளுடையது கடகடவென்று ஏறும்.

"எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"இதுல என்னா இருக்கு? கொழுந்து எடுக்குறோம்ல, அதே சுத்துதான். ஒரு மலைய எடுத்தா அடுத்த சுத்து வரைக்கும் அத விட்டுறணும். தெனம் போயி அதையே பிச்சா மரம் காஞ்சு போயிரும். இதுவும் அப்படித்தான்னு நெனச்சு செஞ்சேன், சரியா வந்திச்சு."

கல்லுக்குப் பேரும் வைத்திருந்தாள். அந்த கேமில் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஏதோ எழுதியிருக்கும், அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. அதனால் எங்கள் தோட்டத்து மலைகளின் பேரை வைத்திருந்தாள். நீலக் கல் ஆத்தோர மலை. மஞ்சள் கோயில் மலை. சாம்பல் பூத்த பச்சை பங்களாவடி. சிவந்து மின்னுகிற பெரிய கல்லுக்கு எட்டாம் நம்பர் என்று பேர். அது எங்கள் லயத்துக்குப் பின்னால் ஏறுகிற மலை. மகள் வயிற்றில் இருந்தபோது அவள் கடைசியாகக் கொழுந்து எடுத்தது அங்கேதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தேயிலை நிரைக்கு நடுவிலேயே வலியில் உட்கார்ந்துவிட்டாளாம்.

அந்த மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்கா போகும்போது அவளுக்கு மூன்று வயது, பிள்ளைக் காம்பராவில் என் கையில்தான் வளர்ந்தாள். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்காவின் புருஷன், குழந்தை, நான், மூவரும் வட்டவளைக்கு இறங்குவோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. அங்கே இருக்கிற போனுக்கு அக்கா பேசுவாள். குழந்தைக்குச் சட்டை மாட்டி, பவுடர் பூசி, ரிப்பன் கட்டிக் கூட்டிப்போவேன். அது கடை பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும்.

சில மாதங்களில் மணி அடிக்காது. கடைக்காரர் பூட்டை எடுக்கும்வரை உட்கார்ந்திருப்போம். திரும்பி ஏறும்போது அக்காவின் புருஷன் வாய்க்கு வந்தபடி ஏசுவார். "அங்க ஏசி ரூமு, நல்ல சாப்பாடு. நம்ம நெனப்பு எங்க வரப்போவுது!" குழந்தை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காது. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதங்களில் நானும் அக்காவை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

ஏஜென்சிக்காரர் முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஹட்டனில் ஆபீஸ் வைத்திருந்தவர், அக்காவை அனுப்பியதும் அவர்தான். தோல் பையை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன். டீவியில் ஆட்டம் பாதியில் நின்றது.

"மேடம் போன் பண்ணாங்கம்மா. ஒங்க வேலையப் பத்திக் கொறையே இல்ல. ஆனா அந்த வீட்டுத் தம்பியோட கார்ட் ஒண்ணு பழைய பெட்டியோட வந்திருச்சாமே? அவன் மூணு வருஷமா சேத்ததெல்லாம் அதுலதான் இருக்காம். புதுப் பெட்டி வாங்கியும் பிரயோசனம் இல்லன்னு பையன் ஒரே அழுகையாம்."

அவன் சேர்த்தது என்று அவர் சொன்னபோது அக்கா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். கோப்பை அந்தரத்திலேயே கொஞ்சம் நின்றது.

"அந்தக் கார்ட குடுத்திருங்க. நீங்களும் போனீங்கன்னா சம்பளம் கூட்டித் தர்றதா சொல்றாங்க. வேற ஆளு ரெண்டு பேரு வந்து பாத்தாங்களாம், தம்பிக்குப் புடிக்கலயாம். ஒங்களத்தான் கேக்குறாங்க. கார்டும் இல்ல, நீங்களும் இல்லன்னா, களவு எடுத்துட்டாங்கன்னு எழுதிக் குடுக்கப் போறாங்களாம். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

அக்காவின் புருஷன் வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் நின்றுகொண்டிருந்தார். தேயிலை ஸ்டோரில், அதாவது பேக்டரியில், அவருக்கு வேலை. நல்ல மனிதர், ஆனால் கீழே ரோட்டோரத்தில் பாதிச் சுவரோடு நிற்கிற புது வீட்டைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாத காலம் அது.

"போவா சேர்" என்றார் உள்ளே எட்டிப்பார்த்து. "ரெண்டு வருஷம்தானே. பாஸ்போட்டும் ஒங்க கையிலதானே இருக்கு."

"அப்ப அடுத்த ஞாயிறு பகல் வர்றேன். பேப்பரெல்லாம் கொண்டாரேன், கையெழுத்து வச்சிட்டா சரி."

அவர் போன பிறகு அக்கா அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். ஈர விறகு புகைந்தது. அவள் ஊதுகுழலை எடுத்து ஊதினாள். ஊதி முடித்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவன் சேத்ததாம் புள்ள."

அன்றைக்குத்தான் எல்லாம் தெரியவந்தது. அந்த வீட்டுப் பையனுக்குப் பத்து வயது இருக்கும். கல்லை உடைக்க அவனுக்குக் கொள்ளை ஆசை, வளர்க்கப் பொறுமை இல்லை. ஒருநாள் அவன் விளையாடும்போது அக்காவைக் கூட உட்காரவைத்திருக்கிறான். அவள் கை ஓடுவதைப் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து அதுவும் அவள் வேலையாகிவிட்டது. விடியற்காலையில் எழுந்து கூட்டி, துடைத்து, சமைத்து, துவைத்து, பிறகு இரண்டு மணிவரை உட்கார்ந்து கல் வளர்க்கவேண்டும். இரண்டு மணிக்கு ஸ்கூல் வேன் வரும். அவள் கதவைத் திறந்து நிற்கவேண்டும். பையன் பையைப் போட்டுவிட்டு நேராக டீவி முன்னால் போவான். ஐந்து கல்லும் மின்னினால் ஒன்றுமில்லை, ஒரு மணி நேரத்தில் அத்தனையும் உடைத்துத் தீர்ப்பான். மறுநாள் அவள் மறுபடி வளர்ப்பாள்.

"மின்னலேன்னா?" என்று கேட்டேன்.

"அழுவான். சின்னப் புள்ளதானே. தரையில உருண்டு அழுவான்." ஊதுகுழலைச் சுவரில் சாய்த்தாள். "அழுதா மேடம் அடிக்கல்லாம் மாட்டாங்க. அந்த மாசம் போன் இல்ல, அவ்வளவுதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அந்தக் கடை பெஞ்சும், ரிப்பன் கட்டிய தலையும், ஆடிக்கொண்டிருந்த காலும் ஞாபகம் வந்தன. அந்த மேடம் மட்டும் என் முன்னால் நின்றிருந்தால் ஊதுகுழலால் அடித்திருப்பேன்.

"ஒங்க வீட்டு அண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? வெளையாட்டுல தோத்துட்டேன், அதான் புள்ளையோட பேச முடியலன்னா? அவரு சிரிப்பாரு. லயமே சிரிக்கும்."

கடைசி மாதத்தில் பையன் ஊருக்கு, பாட்டன் வீட்டுக்குப் போயிருந்தானாம். அந்த மாதம் முழுக்க உடைக்க ஆள் இல்லை. முதல்தடவையாக எல்லா மலையும் ஒன்றாக வளர்ந்து நின்றிருக்கின்றன. அவள் புறப்படுகிற அன்று மேடம், புதுப் பெட்டி வந்துவிட்டதே என்று பழையதை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்திருக்கிறாள். கார்ட் அதிலேயே செருகியிருந்தது. மேடத்துக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும்.

"தெரிஞ்சுதான் வாய தொறக்கல" என்றாள். "மலையெல்லாம் அங்கேயே விட்டுட்டு வர மனசு வரல."

அந்த வாரம் முழுக்க லயத்தில் வேறு பேச்சில்லை. அக்கா மறுபடி போகிறாள், இந்தத் தடவை கூரை ஏறிவிடும் என்றார்கள். மகள் மட்டும் அக்காவை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்கா யாரிடமும் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவருக்கு மேலாக அவள் குரல் வந்தது.

"புள்ள, இங்க வா. என்கூட ஆடணும்."

போனேன். பெட்டியை ஆயத்தமாக வைத்திருந்தாள். இரண்டாவது ரிமோட்டை என் கையில் திணித்தாள். அவள் முகம் சரியில்லை.

"இன்னைக்கு எல்லாத்தையும் உடைக்கப் போறேன்."

ஒரு கணம் காதில் சரியாக விழவில்லையோ என்று பார்த்தேன். "அதுக்கு இவ்வளவு பாடு எதுக்குக்கா? அந்தக் கார்டத் தூக்கி அடுப்புல போடுங்க."

"கார்ட் அவங்களோடது. அத நான் எரிக்கக் கூடாது. அதக் குடுத்திருவேன். உள்ள இருக்குறதத்தான் குடுக்க மாட்டேன்."

"அப்ப மொத்தமா அழிச்சிருங்க. அதுக்கும் ஒரு பொத்தான் இருக்குதானே."

"அழிச்சா வளத்ததெல்லாம் வீணு." ரிமோட்டை முந்தானையால் துடைத்தாள். "உடைச்சா, ஒருக்காவது நானும் அடிச்சுப் பாத்தேன்னு இருக்கும்ல? நெறஞ்ச கார்டா போச்சுன்னா அவன் ஒரு வாரத்துல உடைச்சு முடிச்சிருவான் புள்ள. முடிச்சிட்டு மறுபடி என்னையத்தான் கேப்பான்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்து ஏராளமாக வந்திருந்ததால் அன்றைக்கும் ஸ்டோர் ஓடியது. ஸ்டோரில் மெஷின் போட்டால் லயத்துக்கு வருகிற கரண்டு இழுபடும், பல்பு மஞ்சளாகிச் சுருங்கும். அதுதான் பயம். ஒரு சண்டை முடிந்து, கார்டில் சேவ் ஆனால்தான் உடைத்தது உடைத்தது. அதற்குள் கரண்டு போய்விட்டால் எல்லாக் கல்லும் பழையபடி கார்டில் முழுசாக இருக்கும். ஏஜென்சிக்காரர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்னொரு தொல்லை நான். அவள் ஐந்து கல்லையும் உடைக்கும்வரை என் ஆள் சாகாமல் நிற்கவேண்டும். என் ஆள் ஒரு தாடிக்காரன். வளர்ந்த கல் ஒன்று உடைந்தாலே அவன் பாதி செத்துவிடுவான்.

முதல் சண்டையில் பின்னல்காரி என் முன்னால் வந்து நின்றாள். அக்காவின் கட்டைவிரல் அந்தப் பொத்தானின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. மூன்று வருஷமும் அதற்கு மேல் சில மாதங்களும் தொடாத பொத்தான்.

"ஆத்தோர மலை" என்று சொல்லி அழுத்தினாள்.

திரை முழுக்க நீலமாகப் பற்றியது. தாடிக்காரன் பறந்துபோய்ச் சுவரில் மோதினான். எனக்கே முதுகில் விழுந்த மாதிரி இருந்தது.

"சாகாத புள்ள, எந்திரி! தடு, தடு!"

"நீங்க அடிச்சா நான் எப்படிக்கா தடுக்குறது?"

"பேசாத, எந்திரி! பங்களாவடி!"

அப்புறம் நாங்கள் மனிதர்களாக இல்லை. அவள் அடிக்க, நான் குனிய, அவள் "சாகாத" என்று கத்த, நான் "மெதுவாக்கா" என்று கத்த, மகள் கட்டிலில் ஏறி நின்று கை தட்டியது. இரண்டாவது கல்லிலேயே ஒருமுறை செத்துப்போனேன். தலையில் அடித்துக்கொண்டு சேவ் பண்ணிவிட்டு, மிச்சத்தைப் பூட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். அடுத்த சண்டையில் நான் கொஞ்சம் தேறினேன். ஒவ்வொரு கல்லையும் அவள் பேர் சொல்லித்தான் உடைத்தாள். கோயில் மலை. பாலத்தடி. வேலி மலை. சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய அத்தனை மலையும் என் கண் முன்னால் பற்றி எரிந்து அணைந்தன. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

கடைசிச் சண்டையில் பூட்டியது ஒரே ஒரு கல். எட்டாம் நம்பர்.

கீழே ரோட்டில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஏஜென்சிக்காரர். லயத்துக்கு ஏற இன்னும் படிக்கட்டு இருக்கிறது, மழை வேறு. அதே நேரம் பல்பு சுருங்கியது. ஸ்டோரில் அடுத்த மெஷினைப் போட்டுவிட்டார்கள். டீவியின் படம் ஓரங்களில் உள்ளே இழுத்தது.

"உடைங்கக்கா!"

அவள் உடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்னல்காரியும் திரையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். சிவப்புக் கல் அவள் கையில் மின்னியது. அக்கா திரும்பிக் கட்டிலில் நின்ற மகளைப் பார்த்தாள்.

"எட்டாம் நம்பர்" என்றாள், கத்தாமல்.

தாடிக்காரன் விழுந்தான். எழும்பவில்லை. சேவ் பண்ணவா என்று திரை கேட்டது, அக்கா அழுத்தினாள், கோடு மெதுவாக நிறைய ஆரம்பித்தது. பல்பு இன்னும் சுருங்கியது. டீவிப் படம் ஒருமுறை விழுந்து எழுந்தது. படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. கோட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிருச்சுக்கா" என்றேன்.

ஏஜென்சிக்காரர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அக்காவின் புருஷன், ஸ்டோரிலிருந்து இதற்காகவே லீவு கேட்டுக்கொண்டு வந்திருந்தார், முழங்கைவரை தேயிலைத் தூள். அக்கா கார்டைப் பிடுங்கி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க சேர். இது அவங்களோடது. குடுத்துட்டேன்னு இந்த ரெண்டு பேரும் சாட்சி."

"நல்லது. அப்ப பேப்பர்ல கையெழுத்து…"

"உள்ள ஒண்ணும் இல்ல சேர். உள்ள இருந்தது நான் வளத்தது, அத முடிச்சிட்டேன். இன்னொருக்கா வளக்க நான் வரமாட்டேன்."

ஏஜென்சிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் புருஷனுக்கு விளங்கியதெல்லாம் கடைசி வார்த்தை மட்டும்தான். "என்னா பேசுற நீ? வீடு பாதியில நிக்குது தெரியும்ல?" என்று குரலை உயர்த்தினார்.

அக்கா அவரைப் பார்த்தாள். சேர்த்து வைத்திருந்த பதில் அப்போதுதான் வெளியே வந்தது.

"கொமினிகேஷன் கடையில நீங்க புள்ளையோட உக்காந்திருந்த மாசம், மணி அடிக்காத மாசம், நான் போன் பக்கத்துலதான் நின்னேன். அவங்க எடுக்க விடல. அந்தப் பையனுக்கு வளத்து வைக்கிற கல்லு கொறைஞ்சா போன் இல்ல. ஒரு கல்ல உடைச்சா ஒங்க குரல் போச்சு, புள்ள குரல் போச்சு. அதுக்குத்தான் வெளையாட்டுல அடி வாங்கி அடி வாங்கி உடைக்காம வச்சிருந்தேன். போதும்."

அக்காவின் புருஷன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தூள் படிந்த கையால் முகத்தைத் தேய்த்தார்.

"நான் ஒன்னைய என்னவெல்லாம் ஏசினேன்" என்றார். பிறகு ஏஜென்சிக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "சேர், பாஸ்போட்ட வச்சிட்டுப் போங்க."

"கொஞ்சம் யோசிச்சு…"

"வச்சிட்டுப் போங்க சேர்."

தோல் பை திறந்தது. பாஸ்போர்ட்டை டீவிக்கு மேலே வைத்துவிட்டு, கார்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். காலிக் கார்டைப் பார்த்து அந்தப் பையன் எவ்வளவு உருண்டானோ எனக்குத் தெரியாது. அங்கிருந்து அப்புறம் ஒரு பேச்சும் வரவில்லை. வீட்டுக்குக் கூரை ஏற அதன்பிறகு நாலைந்து வருஷம் ஆனது. ஏறியது.

அன்றைக்கு அவர் போனதும் அக்கா மறுபடி டீவி முன்னால் உட்கார்ந்தாள். கார்ட் இல்லை, விளையாடுவது எதுவும் நிற்காது என்று திரை எச்சரித்தது. வாசித்துச் சொன்னேன். "நிக்கலேன்னா போகட்டும்" என்றாள். வெறுங்கையோடு முதல் ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தோம். இரண்டாவது சண்டையிலேயே ஒரு கல் விழுந்தது. மின்னாத, ஒன்றுக்கும் உதவாத சின்னப் பச்சைக் கல். பழக்கத்தில் என் வாயிலிருந்து "வச்சுக்கங்கக்கா" என்று வந்துவிட்டது.

அவள் அதைப் பூட்டிய கையோடு உடைத்தாள். ஊசிப் பட்டாசு அளவுகூட வெளிச்சம் வரவில்லை. என் தாடிக்காரன் அசையாமல் நின்று, திருப்பி ஒரு உதை விட்டான். பின்னல்காரி மல்லாந்து விழுந்தாள்.

"தோத்துட்டேன் புள்ள!" என்று அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மகளும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி தாண்டியிருந்தது. கீழே ரோட்டில் ஒரு வேன் போனது. அக்கா தலையைத் திருப்பவில்லை.

"இன்னொன்னு போடு" என்றாள்.